கதவைத் திறக்காதவள்

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: 'உங்களை நிஜமாகவே பயமுறுத்திய படம் எது?'

ஏதாவது பேய்ப்படம் பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். பேய்கள் எனக்குப் பழகிவிட்டன. வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், தானாகச் சாத்திக்கொள்ளும் ஜன்னல் எல்லாம் வந்தால் இப்போது சிரிப்புத்தான் வருகிறது. என் பதில், 1979-ல் வெளிவந்த 'ஏலியன்'. ரிட்லி ஸ்காட் இயக்கியது. எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கு இல்லை. முதலில் கோடு கோடாக ஓடும் வீடியோ கேசட்டில், அப்புறம் டி.வி.டி.யில். இப்போது போனிலேயே பார்க்கலாம். (தயவுசெய்து பார்க்காதீர்கள். அத்தனை பெரிய இருட்டை ஆறு அங்குலத்தில் அடைப்பது பாவம்.)

என்னைப் பயமுறுத்தியது அந்த ஜந்து இல்லை. அதற்கு முன்னால், படத்தில் யாருமே சாவதற்கு முன்னால், ஒரு கதவருகே ஒன்றரை நிமிஷம் நடக்கும் வாக்குவாதம். அதைச் சொல்ல கதையையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். படம் பார்க்காதவர்கள் மன்னிக்கவும். நாற்பது வருஷத்துக்கு மேல் டைம் கொடுத்தாகிவிட்டது.

எதிர்காலத்தில் ஒரு சரக்குக் கப்பல். விண்வெளியில் போகிறது என்பதைத் தவிர, நம் ஹைவேயில் போகும் லாரிக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு கோடி டன் தாதுவை இழுத்துக்கொண்டு பூமிக்குத் திரும்புகிறது. பெயர் நாஸ்ட்ரோமோ. ஜோசப் கான்ராட் 1904-ல் எழுதிய நாவலின் பெயர் அது. ஏழு பேர், ஒரு பூனை. சிகரெட் பிடிக்கிறார்கள், காபி குடிக்கிறார்கள், போனஸ் போதவில்லை என்று முனகுகிறார்கள். இந்த முனகல்தான் படத்தின் பலம். எல்லாரும் நமக்குத் தெரிந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள்.

பாதி வழியில் கப்பலின் கம்ப்யூட்டர் அவர்களை எழுப்புகிறது. பக்கத்தில் ஒரு கிரகத்திலிருந்து சிக்னல் வருகிறது, போய்ப் பார்க்க வேண்டும். 'அது எங்க வேலை இல்லையே' என்கிறான் மெக்கானிக் பார்க்கர். ஆஷ் என்ற விஞ்ஞானி (இயான் ஹோம்) சாந்தமாக கான்ட்ராக்டில் உள்ள ஷரத்தை எடுத்துச் சொல்கிறான். போகாவிட்டால் பங்குப் பணம் மொத்தமும் போய்விடும். போகிறார்கள். ஆஷ் இந்த இடத்தில் சட்டம் பேசுகிறான் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிரகத்தில் கேன் (ஜான் ஹர்ட்) முட்டை மாதிரி ஒன்றைக் குனிந்து பார்க்கிறான். உள்ளேயிருந்து ஏதோ பாய்ந்து, ஹெல்மெட்டை உருக்கிக்கொண்டு முகத்தில் அப்பிக்கொள்கிறது. நண்டுக்குக் கைவிரல்கள் முளைத்த மாதிரி ஒரு வஸ்து. கேப்டன் டல்லாஸும் லாம்பர்ட் என்ற பெண்ணும் அவனைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்கு ஓடி வருகிறார்கள். வெளிக்கதவுக்கும் உள்கதவுக்கும் நடுவில் உள்ள சின்ன அறையில் நிற்கிறார்கள். உள்ளே பொறுப்பில் இருப்பவள் ரிப்ளி (சிகர்னி வீவர்). கேப்டனும் கேனும் வெளியே போய்விட்டதால் கப்பலில் அவள்தான் சீனியர்.

'திற' என்கிறார் கேப்டன். என்ன ஆச்சு என்று கேட்கிறாள். ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்கிறார். ரிப்ளி ஒரு கணம் தயங்குகிறாள். பிறகு, 24 மணி நேரம் தனிமையில் வைக்க வேண்டும், அதுதான் விதி என்கிறாள். அதற்குள் அவன் செத்துப்போவான் என்கிறார் அவர். திறந்தால் நாம் எல்லாருமே சாகலாம் என்கிறாள் இவள். லாம்பர்ட் கத்துகிறாள். கேப்டன், இது என் உத்தரவு என்கிறார். ரிப்ளி முடியாது என்கிறாள். என் இடத்தில் நீங்கள் இருந்தால் நீங்களும் இதைத்தான் செய்வீர்கள் என்றும் சொல்கிறாள். குரலில் நடுக்கம் இல்லை, கோபமும் இல்லை.

அப்போது கதவு திறக்கிறது. திறந்தது ஆஷ்.

முதல் தடவை பார்த்தபோது 'அப்பாடா' என்றிருந்தது எனக்கு. ரிப்ளி மேல் எரிச்சல்கூட வந்தது. என்ன மனுஷி இவள், கூட உட்கார்ந்து சாப்பிட்டவன் மூச்சுத் திணறிக் கிடக்கிறான், ரூல் பேசுகிறாளே! ரிட்லி ஸ்காட் 2003-ல் மறுபடி வெட்டி ஒட்டி வெளியிட்ட பதிப்பில், உள்ளே வந்ததும் லாம்பர்ட் ரிப்ளியை ஓங்கி அறைகிறாள். நான் முதலில் பார்த்த பிரதியில் அந்த அறை இல்லை. அதனால் என்ன, மனதுக்குள் நான் கொடுத்திருந்தேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டேன் ஓபானன் எழுதிய திரைக்கதையில் ஒரு குறிப்பு உண்டு: இந்த ஏழு பேரில் யாரும் ஆணாகவோ பெண்ணாகவோ இருக்கலாம். ரிப்ளியைப் பெண்ணாக்கியது பிற்பாடுதான். ஒரு ஆண் அந்தக் கதவைத் திறக்க மறுத்திருந்தால், 'கண்டிப்பான ஆபீஸர்' என்றிருப்பேன். பெண் மறுத்ததும் 'கல்நெஞ்சக்காரி' என்று வாயில் வந்தது. பெண் என்றால் கதவைத் திறப்பாள், தண்ணீர் கொடுப்பாள், நெற்றியில் கை வைத்துப் பார்ப்பாள். இந்த எதிர்பார்ப்பு எனக்குள் இவ்வளவு ஆழத்தில் இருந்தது என்பதை ஒரு பிசாசுப் படம் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

மீதிக் கதை பலருக்கும் தெரியும். கேன் கண் விழிக்கிறான், பசிக்கிறது என்கிறான், எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், அவன் மார்பைப் பிளந்துகொண்டு அது வெளியே வருகிறது. எவ்வளவு ரத்தம் பீய்ச்சும் என்று நடிகர்களுக்குச் சொல்லவில்லை. லாம்பர்ட்டாக நடித்த வெரோனிகா கார்ட்ரைட்டின் முகத்தில் நாம் பார்க்கும் அதிர்ச்சி நடிப்பல்ல. அதன் பிறகு ஒவ்வொருவராகப் போகிறார்கள். கதவைத் திறக்கச் சொன்ன கேப்டன், அந்த ஜந்துவைத் தேடிக் காற்றுக் குழாய்க்குள் தானே முதலில் இறங்குகிறார். ரிப்ளி நான் போகிறேன் என்கிறாள், அவர் விடவில்லை. வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அது அவர் கட்டிய அபராதம் என்று தோன்றும் எனக்கு.

பிறகுதான் ஆஷ் யார் என்று தெரிகிறது. அவன் மனிதனே இல்லை, இயந்திரம். கம்பெனி அனுப்பியது. அந்த ஜந்துவை எப்படியாவது கொண்டுவா, ஊழியர்கள் போனால் போகட்டும் என்பது ரகசிய உத்தரவு. ஆக, படத்தில் கருணையோடு கதவைத் திறந்தது ஒன்றே ஒன்று, அதற்குக் கருணை என்றால் என்னவென்றே தெரியாது. போகவேண்டிய இடத்தில் சட்டம் பேசியதும் அதுதான், திறக்கவேண்டிய இடத்தில் இரக்கம் காட்டியதும் அதுதான். சட்டம், இரக்கம் இரண்டுமே அதன் கையில் ஸ்பேனர், திருப்புளி மாதிரி. கடைசியில் அதன் தலையைத் தனியாக எடுத்து வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். நீங்கள் பிழைக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, தன் அனுதாபத்தையும் தெரிவித்துக்கொள்கிறது. கீழே போட்டு எரிக்கிறார்கள். சரியான காரியம்.

இத்தோடு விட்டிருந்தால் விஷயம் சுலபம். விதியை மதித்தவள் நல்லவள், மீறியது பிசாசு. ஆனால் மனுஷர்களும் இரக்கப்பட்டுக் கதவைத் திறந்திருக்கிறார்கள், நிஜத்தில், அதுவும் விண்வெளியிலிருந்து வந்தவர்களுக்கு.

1969 ஜூலை 24. அப்போலோ 11 பசிபிக் கடலில் வந்து விழுகிறது. நிலாவில் கிருமி இருக்குமோ என்று நாஸாவில் நிஜமாகவே ஒரு பயம் இருந்தது. இருக்காது என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். இருந்துவிட்டால்? அதனால் நிலாவிலிருந்து கிளம்பிய நேரத்திலிருந்து 21 நாள் தனிமை என்று விதி. ஹார்னெட் என்ற கப்பலில் காற்றுப் புகாத ஒரு டிரெய்லர். கண்ணாடிக்கு வெளியே அதிபர் நிக்ஸன், உள்ளே ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் காலின்ஸும் சிரித்தபடி இருக்கும் போட்டோவை எல்லோரும் பார்த்திருப்போம். போட்டோவில் இல்லாத விஷயம் ஒன்று உண்டு. முழுசாக விதியைக் கடைப்பிடிப்பதென்றால், விண்கலத்தை மூடியபடியே கிரேனில் தூக்கிக் கப்பலுக்குள் கொண்டுபோயிருக்க வேண்டும். செய்யவில்லை. அலையில் ஆடும் புழுக்கமான கூண்டுக்குள் மூன்று பேரை அடைத்துவைப்பதும், அவர்களோடு சேர்த்துத் தூக்குவதும் அவர்களுக்கு ஆபத்து என்று, நடுக்கடலிலேயே கதவைத் திறந்தார்கள். உள்ளே இருந்த காற்று, தூசி எல்லாம் பசிபிக்கில் கலந்தது. அப்புறம்தான் கவச உடை, டிரெய்லர், 21 நாள், நிக்ஸன் எல்லாம்.

நிலாவில் ஒன்றும் இல்லை. அப்போலோ 14-க்குப் பிறகு அந்தத் தனிமை விதியையே எடுத்துவிட்டார்கள். கதவைத் திறந்தவர்களை இன்று யாரும் திட்டுவதில்லை. ஒன்று இருந்திருந்தால்? திட்டுவதற்கு நாம் இருந்திருப்போமா என்பதே கேள்வி.

இப்போது 'ஏலியன்' கதையில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பாருங்கள். கேன் முகத்தில் ஒட்டியிருந்தது ஒன்றும் செய்யாத ஒரு நண்டு. ரிப்ளி அதே விதியைச் சொல்லி, அதே குரலில் மறுக்கிறாள். ஆஷ் திறக்கவில்லை. கேன் அந்தச் சின்ன அறையில் லாம்பர்ட்டின் மடியில் மூச்சுத் திணறிச் சாகிறான். பூமிக்குத் திரும்பியதும் விசாரணை, கோர்ட், பத்திரிகைகள். ரிப்ளி கொலைகாரி. முடிவு அதேதான், அதற்குச் சொன்ன காரணமும் அதேதான். அவளுக்குள் ஒரு அணுகூட மாறவில்லை. மாறியது நண்டு மட்டும். ஒருத்தி வீராங்கனையா கொலைகாரியா என்பதை ஒரு நண்டின் குணம் தீர்மானிக்கிறது என்றால், அப்புறம் நல்லவர் கெட்டவர் என்று நாம் போடும் மார்க்குக்கெல்லாம் என்ன மதிப்பு?

1976-ல் பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நாகல் என்ற இரண்டு தத்துவப் பேராசிரியர்கள் இதைப் பற்றி ஒரே தலைப்பில் எழுதினார்கள். 'மாரல் லக்.' ஒழுக்கத்தில் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளலாம். வில்லியம்ஸ் ஒரு லாரி டிரைவரைச் சொல்கிறார். அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆனாலும் ஒரு குழந்தை சக்கரத்தில் விழுந்துவிடுகிறது. 'உன் தப்பு இல்லைப்பா' என்று எல்லாரும் சமாதானம் சொல்வோம். சொல்லத்தான் வேண்டும். அவன் உடனே, 'ஆமா, என் தப்பு இல்ல' என்று சமாதானமாகிப் போய்விட்டான் என்றால் நமக்கு அவன் மேல் ஒரு சந்தேகம் வரும். அவன் ஒரு குற்றமும் செய்யவில்லை, இருந்தும் அவனிடம் ஏதோ பாக்கி இருக்கிறது என்று எதிர்பார்க்கிறோம். அந்தப் பாக்கிக்குத் தமிழில் சரியான வார்த்தை கிடைக்கவில்லை எனக்கு. குற்ற உணர்ச்சி என்றால் அதிகம், வருத்தம் என்றால் போதாது.

ரிப்ளியிடம் அந்தப் பாக்கி இருக்கிறது. அதைப் பார்க்க எனக்கு நாலைந்து தடவை படம் தேவைப்பட்டது. பாக்கியை அவள் அந்தப் பூனையிடம் தீர்க்கிறாள்.

கடைசிக் கட்டம். மூன்று பேர்தான் மிச்சம். கப்பலை வெடிக்கவைத்துவிட்டு சின்ன ஓடத்தில் தப்புவதாகத் திட்டம். பார்க்கரும் லாம்பர்ட்டும் சிலிண்டர்கள் எடுக்கப் போகிறார்கள். அந்த நேரத்தில் ரிப்ளி என்ன செய்கிறாள்? ஜோன்ஸ், ஜோன்ஸ் என்று பூனையைத் தேடுகிறாள். அவர்கள் இரண்டு பேரும் சாகும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்கிறது. பூனைக் கூண்டோடு ஓடுகிறாள், வழியில் அந்த ஜந்து நிற்கிறது, கூண்டைப் போட்டுவிட்டு ஓடுகிறாள். வெடிக்க சில நிமிஷங்களே இருக்கும்போது திரும்பி வந்து கூண்டை எடுத்துக்கொள்கிறாள். 24 மணி நேரம் என்று பிடிவாதம் பிடித்தவள், இந்தப் பூனையை ஒரு நிமிஷம்கூடத் தனிமையில் வைக்கவில்லை. நேராக ஓடத்துக்குள் கொண்டுபோகிறாள். அதற்குள் என்ன புகுந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? தியேட்டரில் யாராவது 'ரூல் என்னாச்சு?' என்று கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. பூனை பிழைத்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

இதைத் திரைக்கதையின் ஓட்டை என்பார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தடவை கதவைத் திறக்க மறுத்தவளுக்கு, அது சரியாகவே இருந்தும், இரண்டாவது தடவை மறுக்க மனசு வரவில்லை. 1986-ல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்த இரண்டாம் பாகத்திலும் இதே கதைதான். எல்லாம் வெடிக்கப்போகிற நேரத்தில் நியூட் என்ற சிறுமியைத் தேடிக்கொண்டு தனியாகக் கீழே இறங்குகிறாள். கணக்குப் பார்த்தால் முட்டாள்தனம். அவள் கணக்கு வேறு.

இதையெல்லாம் தள்ளி நின்று எழுதிக்கொண்டிருக்க எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு கதவு என்னிடமும் வந்தது.

2020 ஜூன். சென்னையில் கொரோனா உச்சத்தில் இருந்த நேரம். எங்கள் அபார்ட்மென்ட்டில் 24 வீடுகள். அந்த வருஷம் நான்தான் அசோசியேஷன் செக்ரட்டரி. மூன்றாவது மாடியில் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போய்வரும் ஒரு அம்மாள். எழுபதைத் தாண்டியவர்கள் ஏழெட்டுப் பேர். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் டெஸ்ட் ரிசல்ட் இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்று வாட்ஸ்அப் குரூப்பில் முடிவு செய்தோம். வாசகம் நான் எழுதியது. எல்லாரும் கட்டைவிரல் போட்டார்கள்.

இரண்டாவது மாடிக்காரர், இளைஞர், அம்மா காரியத்துக்குத் திருநெல்வேலி பக்கம் போயிருந்தார். இ-பாஸ் வாங்கி, மனைவி, நாலு வயசுக் குழந்தையோடு காரில் திரும்பியபோது ராத்திரி பத்தரை. வாட்ச்மேன் எனக்கு போன் பண்ணினார். பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தேன். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு அண்ணாந்து பார்த்தார். தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஸார், எங்க வீட்டுக்குத்தானே ஸார் வரோம். நேரா மேல போய்க் கதவச் சாத்திக்கறோம்."

"ரூல் நம்ம எல்லாரும் சேர்ந்து போட்டதுதானேப்பா. காலைல டெஸ்ட் குடுத்துடுங்க."

"இந்நேரத்துல எங்க ஸார் போறது?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "சரி ஸார்" என்றார். திட்டியிருக்கலாம். சரி ஸார் என்றார். அம்மாவை எரித்துவிட்டு வந்த மனுஷர். காரை ஓரமாக நிறுத்தி, சீட்டைச் சாய்த்துக்கொண்டார்கள். அந்தக் கேட்டுக்கு அடியில் எங்கள் அபார்ட்மென்ட் பூனை அந்த நாலு மாசமும் தெருவுக்கும் மாடிக்கும் இஷ்டத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தது. அதனிடம் யாரும் இ-பாஸ் கேட்கவில்லை.

காலையில் பார்த்தால் கார் காலி. நடுராத்திரியில் வாட்ச்மேன் கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறார். அவரைப் பிடித்துச் சத்தம் போட்டேன். அறுபது வயசுக்காரர், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அந்தம்மா பாத்ரூம் போவணும்னாங்க ஸார். நான் எப்டி ஸார் முடியாதுன்னு சொல்றது?"

எனக்கு இது தோன்றவே இல்லை. வைரஸ் தோன்றியது, டயாலிசிஸ் தோன்றியது, 24 வீடுகள் தோன்றின. ஒரு பெண் ராத்திரி முழுக்கத் தெருவில் காருக்குள் இருந்தால் என்ன செய்வாள் என்பது தோன்றவில்லை.

மூன்று நாள் கழித்து மூன்று பேருக்கும் நெகட்டிவ் என்று ரிசல்ட் வந்தது. மூன்றாவது மாடி அம்மாள் இன்றும் இருக்கிறார், கோலப்பொடி நன்றாக இல்லை என்று குறை சொல்லிக்கொண்டு. ரிசல்ட் மாறி வந்திருந்தால் வாட்ச்மேன் வேலை போயிருக்கும். ஆண்டுக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தியிருப்பார்கள். அந்த ராத்திரி எனக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இதை மனைவியிடம் ஒரு தடவை சொன்னேன். "நீங்க ஏன் அத அடிக்கடி சொல்லிட்டிருக்கீங்க?" என்றாள்.

வாட்ச்மேன் அடுத்த வருஷம் வயசாகிவிட்டது என்று ஊருக்குப் போய்விட்டார். சத்தம் போட்டதற்கு அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று நினைத்த அன்றைக்கு வேறொருவர் கேட்டில் உட்கார்ந்திருந்தார்.

இரண்டாவது மாடிக்காரர் லிஃப்டில் பார்த்தால் "குட்மார்னிங் ஸார்" என்கிறார். அவர் மனைவி, கூட இருந்தால், போனை எடுத்துப் பார்த்துக்கொள்கிறார். நாலு மாடிதான். ஆனால் எங்கள் லிஃப்ட் ரொம்ப மெதுவாகப் போகும்.